பொய்மான் கரட்டில் வாசிப்பதா, மண்டபத்தில் மாலை போடுவதா? சேலத்தில் கல்கியை நினைவுகூர்வது பற்றி

குகை வாசகர்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கல்கியின் பிறந்த நாளான செப்டம்பர் 9ஆம் தேதியை இந்த ஆண்டு எப்படிக் கொண்டாடுவது என்ற பேச்சு எங்கள் வாசகர் வட்டத்தில் எழுந்திருக்கிறது. பெரும்பாலோர் விருப்பம் வழக்கமானதுதான்: ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபம், மேடையில் படம், மாலை, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, வந்தியத்தேவனா அருள்மொழிவர்மனா என்றொரு பட்டிமன்றம், நன்றியுரை சொல்பவர் எழும்போது பாதி நாற்காலி காலி. இத்தகைய விழாக்களில் பொன்னாடை மடித்துக் கொடுத்த அனுபவம் எனக்கும் உண்டு. அவற்றை இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் கல்கி எழுதிய ஒரு பத்தியைக்கூட யாரும் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை என்பது என் மனக்குறை.

கல்கி மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர், அவருடைய பெரிய நாவலான 'பொன்னியின் செல்வ'னின் நிலம் காவிரிப் படுகை, ஆகவே சேலத்துக்காரர்களான நாம் தூரத்திலிருந்து கும்பிடு போடுகிறவர்கள் மட்டுமே என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அது சரியல்ல. ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். 'நவசக்தி'யில் திரு.வி.க.விடம் பணியாற்றிய கல்கி, 1920களின் இறுதியில் அங்கே வந்து சேர்ந்து, மதுவிலக்குக்காகவே நடத்தப்பட்ட 'விமோசனம்' இதழில் ராஜாஜிக்குத் துணையாக இருந்தார். அன்று அது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானபின், அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததும் நம் சேலம் மாவட்டத்தில்தான். கல்கி என்ற எழுத்தாளர் உருவான ஆண்டுகளில் ஒரு பகுதி நம் மண்ணில் கழிந்திருக்கிறது.

இதைவிட நெருக்கமானது 'பொய்மான் கரடு' என்ற அவருடைய குறுநாவல். சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், பனமரத்துப்பட்டிப் பக்கம், அந்தக் கரடு, அதாவது சிறு பாறைக் குன்று, இன்றும் நிற்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் பாறைப் பொந்துக்குள் கொம்புள்ள மான் ஒன்று நம்மைத் திரும்பிப் பார்ப்பது போலத் தெரியும். கிட்டே போனால் மானும் இல்லை, கொம்பும் இல்லை, பாறை இடுக்கும் நிழலும்தான். இராமன் துரத்திய மாயமான் வந்து ஒளிந்த இடம் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பொய்த் தோற்றத்தைப் பிடித்துக்கொண்டு, டூரிங் சினிமாவும் பட்டணத்து மனிதர்களும் வந்து சேர்ந்ததால் செங்கோடன் என்ற குடியானவனுக்கு நேரும் வினையைக் கல்கி கதையாக்கினார்.

என் யோசனை இதுதான். மண்டபத்துக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, செப்டம்பர் 9ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கரட்டின் அடிவாரத்தில் கூடி, 'பொய்மான் கரடு' முழுவதையும் மாறி மாறி வாசித்து முடிப்போம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை பைண்டர் மகன்

ஐயா, யோசனை நன்று. ஆனால் நினைவைக் காப்பது என்று வந்தால், நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் தகப்பனார் காலத்தில் எங்கள் கடைக்கு வந்த வேலைகளில் பாதி கணக்குப் பேரேடு, மீதி தொடர்கதை. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாரந்தோறும் வந்தது. வாரப் பக்கங்களைப் பத்திரமாகக் கிழித்து, அடுக்கி, பழைய வேட்டித் துணியில் கட்டி வைத்திருந்த குடும்பங்கள் பல. அதைக் கொண்டுவந்து கொடுத்தால், பிரிவு பிரிவாக நூல் தையல் போட்டு, பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில் துத்தம் கலந்து ஒட்டி, முதுகுக்குக் காலிகோத் துணி போட்டுக் கொடுப்போம். அந்தக் காலத்து வெட்டுக் கத்திக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. ஓரம் நேராக வேண்டுமென்று வெட்டும்போது மணியம் வரைந்த படத்தின் கீழே இருக்கும் வரி பாதி போய்விடும். அதனாலேயே சில அம்மாமார்கள் கடையிலேயே உட்கார்ந்து, கண் எதிரே வெட்டச் சொல்வார்கள்.

இப்போதும் ஆண்டுக்குச் சில கட்டுகள் வருகின்றன. அட்டையின் உட்பக்கத்தில் யார் வாங்கிப் போனார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று பென்சிலில் பட்டியல் இருக்கும். ஒரு தொகுப்பில், நந்தினி வரும் அத்தியாயங்களில் எல்லாம் யாரோ ஓரத்தில் 'இவளை நம்பாதே' என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு இடங்களில் வேறு கையெழுத்து அதை அடித்து, 'பாவம்' என்று திருத்தியிருந்தது. அம்மாவும் மகளுமா, நாத்தனார்களா, தெரியாது. கடைப் பதிப்பு வாங்கிப் படிக்கிறவருக்கு இது கிடைக்காது. இப்படிப்பட்ட கட்டுகள் சேலத்தில் பரண் பரணாகக் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போது எடைக்குப் போகின்றன. விழா நாளன்று அவற்றைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மேசை போடலாம்.

படம் பார்த்து வந்தவள்

நான் 2022இல் வந்த 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தைப் பார்த்த பிறகே நாவலைப் படித்தவள். ஐந்து பாகங்களையும் முடித்துவிட்டேன். எங்களைப் போன்றவர்கள் கூட்டத்துக்கு வந்தால், 'நீங்கள் எல்லாம் சினிமா பார்த்து வந்த கூட்டம்' என்று ஓரங்கட்டிவிடுவீர்களா என்பதை முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஏற்கெனவே ஓர் இடத்தில் அந்த அனுபவம் உண்டு.

குகை வாசகர்

அம்மா, தாராளமாக வாருங்கள். கல்கியின் 'தியாக பூமி' 1939இல், தொடராக வந்துகொண்டிருந்தபோதே திரைப்படமாகவும் வெளிவந்தது. அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள்தான் இன்றைய பெரியவர்களின் பெற்றோர். யாரும் யாரையும் ஓரங்கட்டும் தகுதியில் இல்லை.

ரசமட்டத்தின் வாசகன்

மற்றவர்கள் வருத்தப்படக்கூடாது. அடியார் கூட்டம் சேர்ந்தால் ஆசிரியர் மறைந்து விக்கிரகம் மட்டும் மிஞ்சும் என்பது என் அச்சம். புதுமைப்பித்தன் 'ரசமட்டம்' என்ற பெயரில் கல்கியை எப்படி வாங்கு வாங்கென்று வாங்கினார் என்பது இலக்கியம் படித்த எல்லோருக்கும் தெரியும். பிறநாட்டுக் கதைகளைத் தழுவுகிறார் என்ற குற்றச்சாட்டு அதில் முக்கியமானது. அதைப் பற்றி எந்தக் கல்கி விழாவிலாவது ஒரு சொல் பேசியிருக்கிறார்களா?

அடுத்து, மதுவிலக்குக் கதைகள். குடித்தவன் கெடுவான், கடைசியில் திருந்துவான் அல்லது சாவான் என்பதை முதல் பக்கத்திலேயே ஊகித்துவிடலாம். பிரசாரம் பிரசாரமாக இருந்துவிட்டுப் போகட்டும். நம் மாவட்டத்தில் உட்கார்ந்து எழுதினார் என்பதற்காக அதை இலக்கியமென்று தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டுமா? 'பொய்மான் கரடு'கூட அவருடைய சுமாரான ஆக்கங்களில் ஒன்றே. ஊர்ப்பற்று வேறு, இலக்கிய மதிப்பீடு வேறு.

அம்மாப்பேட்டைத் தமிழாசிரியை

மதிப்பீட்டைப் பற்றி முன்னவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வகுப்பறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் 'கல்கியின் எழுத்தாற்றல்' என்று கட்டுரைப் போட்டி வைப்போம். அத்தனை தாளிலும் ஒரே கட்டுரை. ஒரே வழிகாட்டி நூலிலிருந்து இறங்கியது. அதை நிறுத்திவிட்டு, எட்டாம் வகுப்பில் 'பொய்மான் கரடு' தொடக்கத்தை உரக்கப் படித்தேன். பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து வரும் ஒரு பையன், ஆண்டு முழுவதும் வாயைத் திறக்காதவன், எழுந்து நின்று, 'மிஸ், அது எங்க ஊருக்குப் போற வழி, மான் எங்கிருந்து பார்த்தா தெரியும்னு எனக்குத் தெரியும்' என்றான். அன்று பாடவேளை முடிந்த மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

ஒரு நூல் சுமாரானதா உயர்ந்ததா என்பது பெரியவர்களின் விவாதம். தன் ஊர்ப் பெயர் அச்சில் வருவதைக் காணும் பிள்ளைக்கு அது வேறு விஷயம். அந்தப் பிள்ளை நாளைக்கு 'சிவகாமியின் சபத'த்துக்கும் போகும், புதுமைப்பித்தனுக்கும் போகும். நான் விழாவுக்கு வருகிறேன். மேடை போட்டுப் பேசச் சொன்னால் மட்டும் வரமாட்டேன்.

மேட்டூர் அணைக்கரை

தேதியைப் பற்றி ஒரு கருத்து. பிறந்த நாள் செப்டம்பர் 9, மறைந்த நாள் 1954 டிசம்பர் 5. இரண்டும் அவருக்கு உரிய நாள்கள். ஆனால் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு உரிய நாள் ஆடிப் பதினெட்டு. முதல் அத்தியாயத்துக்கே 'ஆடித் திருநாள்' என்றுதான் பெயர். அன்று மாலையில்தான் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். குடும்பம் குடும்பமாகச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து மகிழ்கிறான். அதே நாளில் மேட்டூரில் நாமும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காவிரிக்குப் போகிறோம். நம்மூர்க்காரனுக்கு அந்த அத்தியாயத்தை விளக்கவே வேண்டாம். ஆகவே ஆடிப் பதினெட்டன்று ஆற்றங்கரையில் முதல் அத்தியாயத்தை வாசிப்பது என்ற வழக்கத்தை ஏற்படுத்தலாம். ஒரே சிக்கல், அன்று மேட்டூரில் கால் வைக்க இடமிருக்காது, ஒலிபெருக்கிச் சத்தத்தில் காது கேட்காது. அடுத்த ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் ஆறும் நமக்கே, கரையும் நமக்கே.

பயணம் போக விரும்புகிறவர்களுக்கு: வீராணம், அதாவது நாவலின் வீரநாராயண ஏரி, நமக்கு ஒன்றும் எட்டாத இடமல்ல. ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போகும் ரயில் பாதை இருக்கிறது. அங்கிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் பேருந்தில் ஏரிக்கரையை அடையலாம். நாவலில் வரும் எழுபத்து நான்கு கணவாய்களையும் (ஏரியின் மதகுகள்) எண்ணிவிடுவதென்று கிளம்புகிறவர்கள் பாதியில் களைத்துப் போவார்கள்; பரவாயில்லை. ஆனால் காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிலைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறித்து, அவர்களுடைய உறவினரின் நிலம் கைப்பற்றப்பட்டதைப் பேசுகிறது. எங்களோடு வந்த ஓர் அம்மையார், கல்லில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர், 'ரவிதாசன்' என்ற இடத்தில் சட்டென்று விரலை எடுத்துவிட்டார். நாவலில் வரும் மந்திரவாதியின் பெயர் கல்லில் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டதால், திரும்பி வரும் வழியெல்லாம், விருத்தாசலம் முதல் சேலம் டவுன் வரை, அதே சண்டைதான். ஆசிரியர் வைத்துவிட்டுப் போன ஒரு முடிச்சு 70 ஆண்டுகளாக வாசகர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

ரசமட்டத்தின் வாசகன்

கல்வெட்டைப் படிக்கப் பழகுவது நல்லதே. ஆனால் நாவலை வரலாறு என்று நம்பி, கோயில் காவலரிடம் 'நந்தினியின் மாளிகை எங்கே' என்று கேட்கும் கூட்டத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நந்தினி கற்பனைப் பாத்திரம் என்பதைப் பயணம் அழைத்துப் போகிறவர்கள் பேருந்து கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஏற்காட்டுக்காரர்

மலையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் கூட்டம் கூடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வர முடியாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

காப்பித் தோட்டமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. வானொலி கேட்பார், ஆனால் அவருக்கு வேண்டியது கல்கி. கடையில் கிடைக்கும் ஒலிப்புத்தகத்தைப் போட்டுக் காட்டினோம். பின்னணி இசையும் வாள் சத்தமும் குதிரைக் குளம்பும் அவருக்கு எரிச்சல் மூட்டின. 'எனக்கு நாடகம் வேண்டாம், படித்துக் காட்டினால் போதும்' என்றார். ஆகவே நாங்கள் சிலர் முறை வைத்து, நாளுக்கு ஓர் அத்தியாயமாகக் கைப்பேசியில் படித்துப் பதிந்து கொடுக்கிறோம். ஐந்து பாகங்களும் சேர்ந்து 293 அத்தியாயங்கள். நாள் தவறாமல் படித்தாலும் பத்து மாதத்துக்கு வரும். மழைக்காலத்தில் தகரக் கூரைச் சத்தம் பதிவில் ஏறிவிடும், நடுவில் யாராவது வந்து பால் வேண்டுமா என்று கேட்பார்கள். அவர் அதையெல்லாம் ரசித்துக் கேட்கிறார். வாசிப்பவர், பாண்டிய மன்னனின் மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளைப் 'பாண்டிய ஆபத்து உதவியாளர்கள்' என்று படித்தால், மறுநாள் காலை ஆள் அனுப்பித் திருத்துகிறார்.

பாட நூலுக்காக மட்டும் கல்கியைத் தெரிந்திருந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகள், முறை வந்ததால் உரக்கப் படித்து, இப்போது அடுத்த அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாக முன்கூட்டியே படித்துவிடுகிறார்கள். சேலத்தில் இப்படிப் படிக்க ஆள் கிடைத்தால், கேட்க ஆள் நான் சொல்கிறேன். மலையில் மட்டுமே பலர் இருக்கிறார்கள்.

குகை வாசகர்

ஏற்காட்டு நண்பரின் கடிதத்தை எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முறை வைத்துப் படிக்க ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

ரசமட்டத்தின் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடியார் கூட்டம் பற்றிய உங்கள் அச்சத்துக்குக் கல்கியின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. 1930களின் நடுவில் 'பாரதி மகாகவியா' என்ற விவாதம் எழுந்தபோது, மகாகவியே என்று வாதிட்ட எழுத்தாளர் வ.ரா.வின் எதிர்ப்பக்கம் நின்றவர் கல்கி. பாரதியை உலக மகாகவிகள் வரிசையில் வைக்க அன்று அவர் ஒப்பவில்லை. ஆனால் அதே கல்கிதான் பத்தாண்டு கழித்து எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வேண்டுமென்று தம் பத்திரிகையில் எழுதி, வாசகர்களிடம் நன்கொடை கேட்டார். பணக்காரர் ஒருவரிடம் மொத்தமாக வாங்கி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், சிறு தொகை அனுப்பிய சாதாரண வாசகரையும் அதில் பங்காளியாக்கினார். 1945இல் அடிக்கல், 1947 அக்டோபரில் திறப்பு. இரண்டையும் செய்தவர் ராஜாஜி. குறையும் சொல்லலாம், கூடவே செங்கல்லும் சுமக்கலாம் என்று ஆசிரியரே வழி காட்டியிருக்கும்போது, நாம் ஏன் ஒன்றை மட்டும் செய்ய வேண்டும்? ஆகவே உங்களை அழைக்கிறேன். வாசிப்பு முடிந்ததும் அரை மணி நேரம் உங்களுக்கு. தழுவல் குற்றச்சாட்டு, பிரசாரக் கதைகள், எதை வேண்டுமானாலும் பேசுங்கள். குறுக்கே யாரும் பேசாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரசமட்டத்தின் வாசகன்

வருகிறேன். மணிமண்டபத்துக்காக அவர் உழைத்ததை நான் மறுக்கவே மாட்டேன். பொன்னாடை மட்டும் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை பைண்டர் மகன்

பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாமே என்று இரண்டு பேர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார்கள். பொதுவிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் தட்டெழுத்து வடிவிலும் கிடைக்கிறது. எழுத்தைப் பொறுத்தவரை தடையில்லை. படங்கள் அப்படியல்ல. மணியம் காலமானது 1968இல். நம் நாட்டுச் சட்டப்படி படைத்தவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். அதாவது 2028 முடியும்வரை படங்களுக்கு உரியவர்களின் அனுமதி வேண்டும். கதை பொதுச்சொத்து என்பதால் படமும் பொதுச்சொத்து என்று நினைத்து, அட்டையிலும் பனியனிலும் அச்சடித்து விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வீட்டுப் பாதுகாப்புக்காகப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். கட்டைப் பிரித்துப் படுக்கப் போட்டு ஸ்கேன் செய்யாதீர்கள், முதுகு விட்டுப்போகும். மேலிருந்து கைப்பேசியில் படம் எடுத்தால் போதும். ஓரத்துக் குறிப்புகள், வாங்கிப் போனவர் பட்டியல், பின்பக்கத்து விளம்பரங்கள், எதையும் விடாமல் எடுங்கள். வருங்காலத்தில் ஆராய்ச்சி செய்கிறவருக்குக் கதையைவிட அவைதான் தேவைப்படும்.

படம் பார்த்து வந்தவள்

எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் தேடச் சொன்னேன். இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் மட்டும் கிடைத்திருக்கின்றன. முதல் பாகத்தை 1970களில் யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லையாம். யார் என்று பாட்டிக்கு இன்றும் நினைவிருக்கிறது, பெயரைத்தான் சொல்ல மறுக்கிறார். மேசைக்கு அவ்விரண்டையும் கொண்டுவருகிறேன். ஆடிப் பதினெட்டை ஒட்டிய வாசிப்பிலும் எனக்கு ஓர் இடம் வேண்டும்.

அம்மாப்பேட்டைத் தமிழாசிரியை

கரட்டடி வாசிப்பு பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாலை இப்போது நான்கு வழி, லாரிகள் விரைந்து வருகின்றன. மான் தெரிகிறதா என்று பார்க்கப் பிள்ளைகள் பின்னாலேயே நகர்ந்து சாலைக்குள் போய்விடக்கூடும். ஆகவே பார்ப்பதற்கு ஐந்தைந்து பேராக, பெரியவர் ஒருவர் துணையோடு மட்டுமே விட வேண்டும். வாசிப்பைச் சாலையை விட்டு உள்ளே தள்ளி வைத்துக்கொள்வோம். வெயில் ஏறுவதற்குள் முதல் சில அத்தியாயங்களை முடித்துவிட்டு, மீதியைப் பனமரத்துப்பட்டிப் பக்கம் நிழலான இடத்தில் தொடரலாம். ஒலிபெருக்கி வேண்டாம், வட்டமாக உட்கார்ந்தால் குரல் எட்டும். அந்தப் பையனின் பெற்றோரிடம் பேசிவிட்டேன், மான் தெரியும் இடத்தை அவனே காட்டுவான். சேலத்திலிருந்து வருகிறவர்கள் நாமக்கல் வண்டியில் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா வண்டியும் அங்கே நிற்காது. குடிநீரும் உட்கார ஜமுக்காளமும் அவரவர் கொண்டுவர வேண்டும்.